களஞ்சியத்தில் இன்னும் இருந்தவர்கள்

வெல்கர் என்ற கிழவரை இசைவாணிக்கு நான்கு மாதமாக மிகவும் பிடித்திருந்தது. அவர் ரத்தமும் சதையுமான ஆள் இல்லை. கணினி விளையாட்டு ஒன்றில் வருகிற பாத்திரம். ‘சாம்பல் வாயில்’ என்று அந்த விளையாட்டுக்குப் பெயர். மந்திரமும் மதிலும் கொண்ட ஏல்மோர் என்கிற கற்பனை நகரம், அதைப் பதினோரு மாதமாக வளைத்துக்கொண்டு நிற்கும் எதிரிப் படை, உள்ளே பசியோடு கிடக்கும் சனங்கள். அந்த ஊரின் தானியக் களஞ்சியத்துக்கு அதிகாரி வெல்கர். விளையாடுகிறவர் எவராக இருந்தாலும் தாய் தகப்பன் இல்லாத பிள்ளையாகத்தான் ஏல்மோருக்குள் நுழைய வேண்டும். நுழைந்ததும் முதல் கிண்ணம் கஞ்சியை ஊற்றுகிறவர் அவர்தான்.

அந்த விளையாட்டுக்குத் தமிழ் வசனம் எழுதுவது இசைவாணியின் வேலை. முப்பது வயது. திண்டிவனத்தில் அம்மா அம்சாவோடு இருந்துகொண்டு வீட்டிலேயே எழுதுவாள். வாரத்தில் இரண்டு நாள் பஸ் பிடித்து விழுப்புரம் போவாள். அங்கே டயர் கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறைகள்தான் மொத்த அலுவலகமும். ஒன்றில் மொழி ஆசிரியர் புகழேந்தி உட்கார்ந்திருப்பார். இன்னொன்று சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய ஒலிப்பதிவு அறை. எவ்வளவு பஞ்சு ஒட்டியும் ஜங்ஷனில் ரயில் ஊதினால் உள்ளே கேட்கும். பதிவை நிறுத்திவிட்டு, அது ஓயும்வரை எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கதை வெளியே கசிந்துவிடக் கூடாதென்று, விளையாட்டை உருவாக்கிய வெளிநாட்டுக்காரர்கள் வசனங்களைத் தவணை தவணையாகத்தான் அனுப்பினார்கள். முதல் மூன்று தவணைகளில் வெல்கர் கஞ்சி ஊற்றினார், காயத்துக்குத் துணி கட்டினார், எலித் தொல்லையைப் பற்றி அலுத்துக்கொண்டார், தூக்கம் வராத பிள்ளைகளுக்குக் கதை சொன்னார். மூல வசனங்கள் சாதாரணமானவைதான். ஆனால் இசைவாணிக்கு அந்தக் கிழவரின் வாயில் எதை வைப்பதென்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அப்பாவின் பேச்சு தானாக வந்தது.

அப்பா சவுரிராயன் மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்கியவர். மல்லாட்டை என்கிற நிலக்கடலை சீசனில் முதுகெல்லாம் மண்ணாக வீட்டுக்கு வருவார். வந்ததும் கேட்கிற முதல் கேள்வி, “சாப்ட்டியா” என்பதாக இருக்காது. “வவுறு இன்னா சொல்லுது கண்ணு?” என்பார். அவளும் வயிற்றில் காது வைத்துக் கேட்பதுபோல் குனிந்து, “வட வேணுமாம்” என்பாள். அவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அந்தக் கேள்வியை வேறு யாரும் யாரிடமும் கேட்டு அவள் கேட்டதில்லை. முதல் தவணையில் வெல்கர் கஞ்சிக் கிண்ணத்தை நீட்டுகிற இடத்தில் அவள் எழுதினாள்: “வயிறு என்ன சொல்லுது கண்ணு?”

புகழேந்தி அதைப் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “இது மூலத்துல இல்லியே, இசை. ஆனா இருக்கட்டும். மூலத்துல இருந்திருக்க வேண்டியது இதுதான்.”

நான்காம் தவணை ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வந்தது.

எட்டாவது வாயிலின் தாழ்ப்பாளை உள்ளேயிருந்து நீக்கிவிட்டது வெல்கர். எதிரிகள் நுழைந்தார்கள். ஊருக்குள் வந்தவர்கள் முதலில் களஞ்சியத்துக்குத்தான் தீ வைத்தார்கள். உள்ளே முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். பெண்கள், பிள்ளைகள், நடக்க முடியாத கிழங்கள். கஞ்சி வாங்கிக் குடித்த அதே பிள்ளைகள். மதில்மேல் நின்ற வீரர்களெல்லாம் தங்கள் குடும்பங்களைக் காப்பாற்றக் களஞ்சியத்தை நோக்கி ஓட, மதில் காலியாகி ஊர் விழுந்தது.

இசைவாணி கணினியை மூடவில்லை. அப்படியே எழுந்து பின்கட்டுக்குப் போய்க் குழாயடியில் நின்றாள். மல்லாட்டை தின்றுகொண்டே இருக்கும்போது ஒன்று சொத்தையாக வாய்த்துவிட்டால், அதற்கு முன் தின்றதெல்லாம் சேர்ந்து கசக்குமே, அப்படி இருந்தது. வாயைக் கொப்பளித்தாள். போகவில்லை.

அதன் பிறகு அவள் மனதில் ‘அவர்’ போய் ‘அவன்’ வந்துவிட்டது.

வியாழக்கிழமை விழுப்புரத்தில் புகழேந்தி வேறு மாதிரி இருந்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

“எப்பேர்ப்பட்ட பாத்திரம் பாத்தியா? அழுவுறாரு பாரு கடைசில. அவரு ஊரைக் காப்பாத்தணும்னுதான் கதவைத் தொறந்தாரு. பதினோரு மாசமா பட்டினி. சண்ட முடிஞ்சா சனங்க சோறு தின்னும்னு நெனச்சாரு. எதிரி நெருப்பு வைப்பான்னு அவருக்கு எப்டித் தெரியும்?”

“களஞ்சியத்துல ஆளுங்க இருக்காங்கன்னு தெரியும்ல, சார்?”

“தெரியாதுன்னு அவரே சொல்றாரே.”

அந்த வசனத்தில்தான் இருவருக்கும் சண்டை தொடங்கியது. எரிந்த களஞ்சியத்தின் முன்னால் மண்டியிட்டு வெல்கர் அழுதுகொண்டே சொல்கிற ஒரே வரி. இசைவாணி இப்படி எழுதியிருந்தாள்: “அவங்க இன்னும் உள்ள இருப்பாங்கன்னு எனக்குத் தெரியாது.”

புகழேந்தி ‘இன்னும்’ என்ற சொல்லைச் சிவப்பில் அடித்திருந்தார்.

“நீளமா இருக்கு. வாய் அசைவுக்குப் பொருந்தாது. ‘அவங்க உள்ள இருப்பாங்கன்னு எனக்குத் தெரியாது’. போதும்.”

“மூலத்துல அந்தச் சொல்லு இருக்கு சார். நானா சேக்கல.”

“ஒரு சொல்லுல இன்னா ஆயிடப் போவுது?”

“இன்னா சார் இப்டி சொல்றீங்க? ‘இன்னும்’னு சொன்னா, முன்னாடி இருந்தது அவனுக்குத் தெரியும்னு ஆவுது. அவங்க அங்க இருந்தாங்க, போயிருப்பாங்கன்னு நெனச்சேன்னுதான் சொல்றான். அத எடுத்துட்டீங்கன்னா ஒண்ணுமே அறியாதவன் ஆயிடுவான்.”

புகழேந்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். மற்ற மொழிகளில் முன்னோட்டம் பார்த்தவர்கள் வெல்கர்மேல் உயிரையே வைத்திருக்கிறார்கள் என்றும், அவன் நல்லவனா கெட்டவனா என்று சனங்கள் அடித்துக்கொள்வதுதான் இந்த விளையாட்டுக்கே பலம் என்றும் மேலிடத்திலிருந்து அவருக்குக் கடிதம் வந்திருந்தது. “நாம நீதிபதி கெடையாதும்மா,” என்றார். “நீ நிரூபிச்சிக் காட்டு. அவருக்கு முன்னாடியே தெரியும்னு ஒரு ஆதாரம் எடுத்துக்கினு வா. நான் ‘இன்னும்’ல கை வைக்கல.”

அவள் பஸ்ஸில் திரும்பும்போதே முதல் தவணையை மறுபடி திறந்துவிட்டாள். ஜன்னல் ஓரம், வெயில் கண்ணில் அடிக்க, வெல்கரின் வரிகளை மட்டும் பிரித்துப் படித்தாள். நான்கு மாதமாக ஆசையோடு எழுதிய வரிகள். இப்போது ஒவ்வொன்றையும் கவரில் வந்த பாலை முகர்ந்து பார்ப்பதுபோல் முகர வேண்டியிருந்தது.

கஞ்சி ஊற்றும்போது ஒவ்வொரு பிள்ளையையும், “எங்க படுத்துக்கறீங்க? வீட்டுல எத்தனை பேர்?” என்று கேட்கிறான். அக்கறை என்று நினைத்திருந்தாள். “குளிர் தாங்காது, எல்லாரும் களஞ்சியத்துக்கு வந்துடுங்க,” என்கிறான். கருணை என்று நினைத்திருந்தாள். மதில்காவல் வீரன் ஒருவன் மனைவியை அனுப்பத் தயங்கும்போது அவன் தோளைத் தட்டி, “உன் ஆளுங்க எங்க இருக்காங்கன்னு தெரிஞ்சா உனக்கும் நிம்மதிதானே?” என்கிறான்.

இதெல்லாம் போதாது. புகழேந்தி சொல்வார்: ஆட்கள் இருப்பது தெரியும், சரி; சிறைபிடிப்பார்கள் என்றுதான் நினைத்திருப்பார்; நெருப்பு தெரியாது.

நெருப்புக்கு ஆதாரம் இரண்டாம் தவணையில் இருந்தது.

விளையாட்டில் சின்னச் சின்ன எடுபிடி வேலைகள் வரும். தொலைந்த ஆட்டைத் தேடு, கிணற்றில் வாளியை எடு, இப்படி. அதில் ஒன்று வெல்கர் கொடுப்பது. களஞ்சியத்தில் எலித் தொல்லையாம். நாற்பது மூட்டைத் தானியத்தை அவன் வீட்டு நிலவறைக்கு மாற்ற வேண்டும். விளையாடுகிறவர்தான் ஒவ்வொரு மூட்டையாகத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். கூலியாக ஒரு அத்திப்பழம் கொடுப்பான். அந்த இடத்தை அவள் வேடிக்கையாக எழுதியிருந்தாள். எலிகளை அவன் திட்டுகிற வசனத்துக்குப் புகழேந்தி சிரித்து மாய்ந்திருந்தார்.

மூட்டை தூக்கியவர் மகளுக்கு அது அப்போதே உறைத்திருக்க வேண்டும். எலிக்குப் பயந்து எவனும் கிடங்கைக் காலி செய்ய மாட்டான். எலியைத்தான் கொல்லப் பார்ப்பான். மூட்டையை வெளியே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஆளைக் கொண்டுபோய் அடைக்கிறவனுக்கு அந்த இடம் என்ன ஆகப்போகிறது என்று தெரியும். தானியம் எரிந்து வீணாவது அவனுக்குப் பொறுக்கவில்லை.

அதைவிட மோசமானது வேறொன்று. அந்த மூட்டைகளைத் தூக்கியது விளையாடுகிற பிள்ளை. அதாவது, தவணையோடு வந்த பகுதியைச் சோதனைக்காக விளையாடிப் பார்த்த அவளேதான். ஒரு மூட்டை விடாமல் நாற்பதையும் தூக்கி, அத்திப்பழத்தை வாங்கிக்கொண்டு, “நன்றி தாத்தா” என்று சொல்லியிருக்கிறாள்.

திங்கட்கிழமை ஐந்தாம் தவணை வந்தபோது அவன் நோக்கமும் தெரிந்துவிட்டது. எதிரித் தளபதியின் கூடாரத்தில் ஒரு கடிதம் கிடைக்கிறது. வெல்கர் எழுதியது, முதல் கஞ்சி ஊற்றுவதற்குப் பத்து நாள் முந்தைய தேதி. அவன் என்ன கேட்டிருந்தான்? அரசு இல்லை, பொன் இல்லை, பழிவாங்கவும் இல்லை. ஊர் யார் கைக்கு வந்தாலும் தன் பதவி தனக்கே இருக்க வேண்டும். அத்திமரம் நிற்கிற தன் வீட்டை யாரும் தொடக் கூடாது. அவ்வளவுதான். ஏதாவது பெரிய வெறி, ஆறாத காயம், செத்துப்போன மகன், இப்படி ஒன்று இருக்கும் என்று அவள் உள்ளுக்குள் எதிர்பார்த்திருந்தாள். ஒரு வீடும் ஒரு நாற்காலியும். அதற்காக முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.

எழுதிக்கொண்டிருந்த மேசையிலிருந்து நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். திரைக்குப் பக்கத்தில் இருக்கவே பிடிக்கவில்லை.

அன்று சாயங்காலம்தான் அம்மா அந்தக் குரலைக் கேட்டாள்.

முதல் தவணையின் ஒலிப்பதிவு மாதிரியைப் புகழேந்தி போனில் அனுப்பியிருந்தார். வெல்கருக்குக் குரல் கொடுத்தவர் நடராசன். கண்டாச்சிபுரத்துப் பக்கம் நிலம் வைத்திருக்கிற விவசாயி. திருவிழா, கட்சிக் கூட்டம், துணிக்கடைத் திறப்பு எதுவானாலும் மைக் பிடிக்கக் கூப்பிடுவார்கள். அவர் பேசினால் ஆட்டோவை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். இசைவாணி சரிபார்ப்பதற்காக அதை ஓடவிட்டாள். கூடத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்சாவின் கை நின்றுவிட்டது.

“வயிறு என்ன சொல்லுது கண்ணு?”

“யாருடி அது?” என்றாள் அம்சா. “உங்கப்பாரு மாதிரியே கேக்கறாரு.”

இசைவாணி போனை அணைக்கப் போனாள்.

“இரு இரு. இன்னொரு வாட்டி போடு.”

மூன்று முறை போட வேண்டியிருந்தது. மூன்றாம் முறை அம்சா சிரித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “உங்கப்பாருகிட்ட இவரு எப்பவாச்சும் பழகினாரா? இல்ல, நீதான் எழுதிக் குடுத்தியா?”

“நான்தாம்மா.”

“நல்லா எழுதிக்கீற. கதையில அவரு இன்னா, நல்லவரா?”

பொய் சொல்லியிருக்கலாம். ஒரு நொடி அதைத்தான் நினைத்தாள். ஆனால் வெல்கரின் வரிகளை நாலைந்து நாளாக அலசியதில் இனிப்பாக ஒன்றைச் சொல்லவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. சொல்லிவிட்டாள். கதவு, களஞ்சியம், நாற்பது மூட்டை, நெருப்பு, அத்திமரத்து வீடு, எல்லாவற்றையும்.

அம்சா கீரைத் தட்டைத் தள்ளிவைத்தாள். விளையாட்டு, கற்பனை என்றெல்லாம் அவள் பிரித்துப் பார்க்கவில்லை. “தூ” என்றாள். “உங்கப்பாரு ஒருத்தன் மூட்டைய மாத்தி எறக்குனதுகூட கெடையாதுடி,” என்றாள். “அந்த நாய்க்கு எதுக்கு எங்க ஊட்டுக்காரரு பேச்சக் குடுத்த?”

இரவு சாப்பாட்டுக்குக் கீரை வரவில்லை, ரசம்தான் இருந்தது.

மறுவாரம் விழுப்புரத்தில் அவள் ஆதாரங்களை வைத்தாள். புகழேந்தி மூட்டைகள் வருகிற இடத்தை இரண்டு தடவை படித்தார். கடிதத்தின் தேதியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“ஆமா,” என்றார், கடைசியில். “தெரிஞ்சிக்கினுதான் பண்ணியிருக்கான்.” வெல்கருக்கு முதல் முறையாக ‘ர்’ விட்டு ‘ன்’ போட்டார். “சரி, ‘இன்னும்’ இருக்கட்டும்.”

“இன்னொன்னு சார். கஞ்சி ஊத்துற எடத்துல ‘வயிறு என்ன சொல்லுது’ வேணாம். கண்ணுன்னு கூப்புடறதும் வேணாம். அவன் வாயில வர்ற அந்தப் பேச்சு எல்லாத்தையும் மாத்தி எழுதிக்கினு வந்திருக்கேன்.”

அவர் அதிர்ந்துபோனார். “பைத்தியமா உனக்கு? தமிழ்ல இருக்கறதுலயே பெஸ்ட்டு லைன் அது. அவன் எவ்ளோ பாசமா பேசுறானோ அவ்ளோ துரோகம் பெருசு. நீயே அதக் கெடுப்பியா?”

“பாசமா பேசட்டும் சார். எங்கப்பா பேச்ச பேச வேணாம்.”

புகழேந்திக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் ஒலிப்பதிவு அறைக் கதவைப் பார்த்தார். நடராசன் அங்கே காத்துக்கொண்டிருந்தார். “நடராசன் ஒத்துக்கினா மாத்திக்கோ,” என்றார். “அவரு திரும்பப் பேசணும். பேஜாரு புடிச்ச வேலை.”

நடராசன் வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார். புதிய தாள்களைப் புரட்டிவிட்டு, “ஏம்மா, மொதல்ல இருந்ததே நல்லாருந்துச்சே,” என்றார். அவள் காரணத்தைச் சுருக்கமாகச் சொன்னாள். அப்பாவைப் பற்றி அவள் சொன்னதற்கு அவர் மறுபேச்சு சொல்லவில்லை. வெல்கரைப் பற்றித்தான் கேட்டார்.

“அப்போ நான் கஞ்சி ஊத்துறப்பவே இவனுக்குத் தெரியுமா?”

“தெரியும். பத்து நாளைக்கு முன்னாடியே எழுதிக் குடுத்துட்டான்.”

“இன்னாத்துக்குப் பண்றான்?”

“வீடு போயிடக் கூடாதுன்னு. வேலை போயிடக் கூடாதுன்னு.”

“அவ்ளோதானா?” அவர் முகம் சுளித்தது. “சீ. அப்ப, உள்ள ஒரு கள்ளத்தனம் வெச்சிப் பேசட்டா? லேசா? கேக்கறவனுக்கு நெருடுற மாதிரி?”

அதைத்தான் அவள் மூன்று நாளாக யோசித்திருந்தாள். கள்ளக் குரலில் பேசினால் எல்லோரும் கண்டுகொள்வார்கள். களஞ்சியத்துப் பிள்ளைகளும் கண்டுகொண்டிருப்பார்கள். யாரும் செத்திருக்க மாட்டார்கள்.

“வேணாம் ஐயா. மனசாரப் பேசுங்க. அந்தப் புள்ளைங்க மேல அவனுக்குப் பாசமே இல்லன்னு எனக்குத் தோணல. இருந்துச்சு. இருந்தும் பண்ணான்.”

நடராசன் தாளை எடுத்து மைக்குக்கு முன்னால் வைத்துக்கொண்டார். ரயில் ஒன்று ஊதிக்கொண்டு போனது. அது ஓய்ந்ததும், தொடங்கலாம் என்று கையைத் தூக்கிக் காட்டினார்.

“வா செல்லம், வா. சூடா இருக்கு, ஊதிக் குடி. வீட்டுல எத்தனை பேர்? எல்லாரையும் கூட்டிக்கிட்டு வா, இங்க இடம் இருக்கு.”

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற இசைவாணிக்கு உடம்பு கூசியது. அவ்வளவு அன்பு அந்தக் குரலில். முன்பைவிடச் சற்று வழவழப்பாக, எந்த ஊர் என்று சொல்ல முடியாத பேச்சு. ஆனாலும் எந்தப் பிள்ளையும் கையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போய்விடும். மாற்றிய பதினேழு வரிகளையும் ஒரே மூச்சில் பேசி முடித்தார். பிறகு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு நேரே வராந்தாவுக்குப் போனார். கைப்பிடிச் சுவரோரம் நின்று செம்புத் தண்ணீரால் வாயைக் கொப்பளித்து, கீழே ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் துப்பினார்.

“முப்பது வருசமா மைக்கு புடிக்கறேன்,” என்றார் உள்ளே வந்து. “கட்சிக்காரனுக்கெல்லாம் பேசிக்கீறேன். இப்டி ஆனதில்ல. ஒரு டீ சொல்லும்மா, ஜல்தியா.”

பொங்கலுக்குப் பிறகு விளையாட்டு வெளியானது. இசைவாணி நினைத்ததுபோல் எதுவும் நடக்கவில்லை. தமிழில் விளையாடியவர்களும் வெல்கர்மேல் உருகினார்கள். ‘வெல்கர் தாத்தா பாவம்’ என்று படம் வரைந்து போட்டார்கள். களஞ்சியம் எரிந்த பிறகும்கூட, அவர் சூழ்நிலைக் கைதி என்றும், நம்மில் யார்தான் யோக்கியம் என்றும் பக்கம் பக்கமாக எழுதினார்கள். நாற்பது மூட்டைகளை எல்லோருமே தூக்கியிருந்தார்கள். அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. கண்டமங்கலத்திலிருந்து கலைப்பிரியா என்ற கல்லூரிப் பெண் மட்டும் ஒரு வரி கேட்டிருந்தாள்: “இன்னும் உள்ள இருப்பாங்கன்னு தெரியாதுன்னு சொல்றாரே, அப்படின்னா இருந்தது தெரியும்தானே?” அதற்கு நூற்று நாற்பது பேர் வந்து அவளோடு சண்டை போட்டிருந்தார்கள். படிக்கப் படிக்க இசைவாணிக்குக் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு மட்டும், “ஆமாம், தெரியும்” என்று தன் பெயரைப் போடாமல் பதில் எழுதிவிட்டு வெளியே வந்தாள்.

முழு விளையாட்டையும் ஒரே மூச்சாக அவள் விளையாடிப் பார்த்தது அதற்கப்புறம்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மா கோவிலுக்குப் போயிருந்தாள். கடைசிக் கட்டத்தில் வெல்கர் தன் அத்திமர வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். நிலவறையில் தானியம் இருக்கிறது. விளையாடுகிறவர் வாளோடு உள்ளே போகிறார். திரையில் இரண்டு தேர்வுகள்: கொல், மன்னி.

எதைத் தொடவும் அவளுக்குக் கை வரவில்லை. கொன்றால் அவன் வீரமாகச் சாகிற மாதிரி ஒரு நீளமான காட்சி இருக்கிறது, அவளே எழுதியது. மன்னித்தால் காலில் விழுந்து அழுவான். அதுவும் அவள் எழுதியதுதான்.

அவள் தன் பாத்திரத்தைத் திருப்பி வாசலை நோக்கி நடக்கவிட்டாள். அப்படிப் போகலாம் என்று விளையாட்டு எங்கேயும் சொல்லவில்லை, தடுக்கவும் இல்லை. பின்னால் வெல்கர் பேசத் தொடங்கினான். ஊருக்காகத்தான் செய்தேன் என்றான். குளிர்காலம் எப்படி இருந்தது தெரியுமா என்றான். ஒரு நிமிடம் உட்கார்ந்து கேள் செல்லம் என்றான். அவள் தெருவில் இறங்கி நடந்தாள். குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, அடுத்த திருப்பத்தில் கேட்காமலே போய்விட்டது.